பிளசர் வாங்குன மாப்ளைக்கு ஒரு ரோசன

மாப்ள, ஒன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்குது. திண்டிவனத்துல ஒன் வயசுப் பயலுவ எல்லாம் மாசத் தவணையில புது வண்டி எடுத்து, டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்த வச்சி நசுக்கி, மயிலத்துக்கு ஓட்டிகிட்டுப் போயி மாலை போட்டுகிட்டு வரானுவ. நீ மட்டுந்தான் பாண்டிச்சேரிப் பக்கம் எவனோ ஒருத்தன் கொட்டாயில கோழி அடைகாத்துகிட்டு இருந்த 1951 மாடல் டாட்ஜ் பிளசர, அதும் ஓடாத வண்டிய, கிரேன் வச்சித் தூக்கியாந்து வாசல்ல எறக்கி இருக்கற. காரு வாங்கி அத லாரியில ஏத்திகிட்டு வந்தவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான்.

பொண்டாட்டிகிட்ட "இது குடும்பக் காரு"ன்னு சொல்லி வச்சிருக்கியாம். கெட்டிக்காரன். அவ கேட்டது ஒரு பிரிஜ்ஜு. அத வுட்டுட்டு இத வாங்கியாந்தவன் வேற என்னா சொல்ல முடியும்?

ஒன் திட்டத்த எல்லாம் ஒன் மவன் எங்கிட்ட ஒப்பிச்சிட்டான். பழைய இஞ்சின எறக்கிட்டு இன்னோவா டீசல் இஞ்சின் ஏத்தப் போறியாம். பவர் ஸ்டியரிங்காம், ஏசியாம், நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக்காம், டேஷ்போர்டுல டச் ஸ்கிரீனாம். முன்னால இருக்கற நீட்டு சீட்ட அறுத்துப் போட்டுட்டு தனித்தனியா ரெண்டு பக்கெட் சீட்டாம். வெளிய பாத்தா பழசு, உள்ள எல்லாம் புதுசு, இதுக்குப் பேரு ரெஸ்டோமாடு தாத்தான்னு எனக்கே பாடம் எடுக்கறான் பய. எடுக்கட்டும். நானும் தலைக்கு மை பூசுறவன்தான். எனக்கு வெளிய புதுசு, உள்ள எல்லாம் பழசு.

நான் ஒன்ன வேணாம்னு சொல்லல. வேணாம்னு சொன்னா நீ செய்வன்னு எனக்குத் தெரியும். செய்யின்னு சொன்னாலும் செய்வ. அதனால நடுவுல நின்னு ரவ பேசிட்டுப் போறன்.

வாங்குனதுதான் வாங்குன, என்னா வண்டின்னு தெரிஞ்சிகிட்டு வாங்குனியா? முன்னால டாட்ஜ் கிங்ஸ்வேன்னு பேரு போட்டிருக்குது. அந்தப் பேர ரொம்ப நம்பாத. அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனிக்காரன் தன்னோட பிளைமவுத் வண்டிக்கே மூஞ்சிய மட்டும் மாத்தி, டாட்ஜுன்னு பேரு ஒட்டி வெளிநாட்டுக்கு வித்துகிட்டு இருந்தான். அது பொட்டி பொட்டியா கப்பல்ல வந்து, பம்பாய் குர்லாவுல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியில பூட்டுனது. வால்சந்த் ஹீராசந்த் 1944ல தொடங்குன கம்பெனி அது. அதே கம்பெனிதான் 1954ல இருந்து ஃபியட் 1100 போட்டு, பின்னால அதுக்குப் பத்மினின்னு பேரு வச்சுது. ஆக நீ வாங்கியிருக்கறது பத்மினிக்குப் பெரியம்மா. அமெரிக்கக் காருன்னு மீசைய ரொம்ப முறுக்காத, அதுல பாதி பம்பாய்.

ஜெனரல் மோட்டார்ஸ்காரனும் பம்பாய் சேவ்ரியில 1928ல இருந்தே செவர்லே பூட்டிகிட்டு இருந்தான். ஃபோர்டுகாரனும் இங்க கடை வச்சிருந்தான். சாமான இங்கயே செஞ்சா இரு, பொட்டியில கொண்டாந்து பூட்டி விக்கறதா இருந்தா கெளம்புன்னு 1953ல டில்லியில ஒரு முடிவெடுத்தாங்க. அடுத்த வருசமே ரெண்டு பேரும் மூட்ட கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் நம்ம ஊருக்கு வந்த பெரிய அமெரிக்க வண்டி எல்லாம் பெரும்பாலும் தூதரகத்துக்காரங்க ஓட்டிட்டு, அரசாங்க வாணிபக் கழகம் மூலியமா கைமாத்தி வுட்டுட்டுப் போனது.

ஒரு விசயத்துல மட்டும் ஒன் பொண்டாட்டிகிட்ட நீ சொன்னது பொய் இல்ல. அமெரிக்காவுல இதோட அசலான பிளைமவுத்து குடும்பக் காருதான். வாத்தியாரு, குமாஸ்தா, கம்பெனியில டூட்டி பாக்கறவன், நம்பள மாதிரி வெள்ளாமைக்காரன், இவனுங்க பொண்டாட்டி புள்ளைவுள ஏத்திகிட்டு கோயிலுக்கும் கடைக்கும் போன வண்டி. இங்க வந்ததும் அதுக்கு ஜாதகமே மாறிப்போச்சி. மிராசுதாரு, மில்லு மொதலாளி, அரிசி மண்டிக்காரன்னு அவங்க வூட்டு வாசல்ல மட்டும் நின்னுது. அங்க மளிக சாமான் ஏத்துன டிக்கியில இங்க கும்பகோணம் வெத்தலைக் கூடை ஏறுச்சி. ஓமந்தூராரு முதலமைச்சரா இருந்தது 1947ல இருந்து 49 வரைக்கும், நம்ம திண்டிவனத்துப் பக்கத்து ஊருக்காரரு. அந்தக் காலத்துல ஒரு பிளசர் ஊருக்குள்ள வந்தா பள்ளிக்கூடமே வெளிய ஓடியாந்துடும். இப்ப ஒன் வண்டி வந்தப்ப வெளிய ஓடியாந்தது நாயிதான். அதும் பழக்கத்துல.

அந்தக் கூரைய உத்துப் பாரு மாப்ள. ஏன் இம்மாம் ஒசரமா இருக்குது? அதுக்கு ஒரு கதை உண்டு. அப்ப கிரைஸ்லருக்குத் தலைவரா இருந்தவரு கே.டி. கெல்லர்னு ஒரு ஆளு. தொப்பிய கழட்டாம ஒரு மனுசன் வண்டியில ஏறிக் குந்தணும், அவ்வளவு ஒசரம் இல்லன்னா அது காரே இல்லன்னு புடிவாதமா நின்னாரு. மத்த கம்பெனிக்காரன் எல்லாம் தணிவா, சப்பையா, அழகா வண்டி போட்டு வித்துகிட்டு இருந்தான். இவரு மட்டும் நாற்காலி ஒசரத்துக்கு சீட்டு வச்சி, அதுக்கு மேல தொப்பிக்கும் எடம் வுட்டாரு. வியாபாரத்துல அடி வாங்குனாரு. ஆனா அந்த ஆளு என்னமோ தென்னாற்காடு ஜில்லாவ மனசுல வச்சிதான் செஞ்சிருக்கணும். முண்டாச அவுக்காம நம்ப ஆளுவ குந்திப் போன கார் அது ஒண்ணுதான். இப்ப நீ ஏசி பூட்டறன்னு கூரைக்கு அடியில குழாய வுட்டு, பஞ்சு வச்சி, சீலிங்க நாலு அங்குலம் தணிக்கப் போற. கெல்லரு ஆவி ஒன்ன சும்மா வுடாது.

இஞ்சினுக்கு வருவோம். நீ வேணாம்னு எறக்கி வைக்கப் போறியே, அது 3.6 லிட்டரு, வரிசையா ஆறு சிலிண்டரு. வால்வு எல்லாம் தலையில இல்ல, பக்கத்துல பிளாக்குக்குள்ளயே இருக்கும், மேல மூடி வெறும் தட்டு. 97 குதிரைச் சக்தின்னு கம்பெனிக்காரன் எழுதி வச்சிருக்கான். அந்த 97 குதிரையும் அவசரப்படாது. அழுத்தம் கம்மிங்கறதால மட்டமான பெட்ரோல ஊத்துனாலும் தட்டாம ஓடும், டாப் கியருல போட்டுட்டா மாட்டு வண்டி வேகத்துக்குக் கொறைச்சாலும் ஒதறாம வரும். பேட்டரி மட்டும் 6 வோல்ட்டு. ராத்திரியில அந்த ஹெட்லைட்டு எரியறத, எதுத்தாப்புல வரவன் பாத்துக்கலாம், ஓட்டறவன் எதையும் பாக்க முடியாது. குடிக்கறத பத்திக் கேக்காத. லிட்டருக்கு ஆறோ ஏழோ கிலோமீட்டரு குடுத்தா மவராசன்னு கும்புடு. டேங்கு 60 லிட்டருக்கு மேல புடிக்கும். ரொப்பிட்டு பங்குல நின்னு பில்ல பாரு, ஒனக்கு ஏசி தேவப்படாது.

இப்ப நான் சொல்றத கேட்டுட்டு சண்டைக்கு வராத. நீ செய்யப் போறது ஒண்ணும் புதுசு இல்ல. அமெரிக்காக்காரன் இதுக்கு இங்கிலீசுல பேரு வைக்கறதுக்கு முன்னாலயே நம்ம பட்டறைக்காரனுவ இத செஞ்சி முடிச்சி, ஓட்டி, தேச்சி, எடைக்கும் போட்டுட்டானுவ.

1973ல அரபுக்காரங்க எண்ணெய் வெலைய ஏத்துனாங்க பாரு, அதுல பெரிய வூட்டு வாசல்ல நின்ன பிளைமவுத்து, டாட்ஜு, செவர்லே அத்தனையும் பெருஞ்சொமையா ஆயிடுச்சி. ஓட்டுனா பெட்ரோல் செலவு, நிறுத்துனா துரு. மிராசுதாரு மவன் அம்பாசிடர் வாங்கிகிட்டான். பழச வந்த வெலைக்குத் தள்ளி வுட்டான். அத வாங்குனது யாரு? டாக்சிக்காரன். அவன் கணக்கு ரொம்ப எளிசு. வண்டி வெல சல்லிசு, தகடு கெட்டி, சேசிஸ் கெட்டி, பெட்ரோல் ஒண்ணுதான் எமன். அப்ப பெட்ரோல் இஞ்சின எறக்கு, டீசல ஏத்து.

எந்த டீசலு? மெட்ராஸ் செம்பியத்துல சிம்சன் கம்பெனி போட்ட பெர்க்கின்ஸ் கெடைச்சா பெர்க்கின்ஸு. லாரியோ டிராக்டரோ எதுலயோ இருந்து எறக்குனது. பின்னால மேட்டடார் வேனு இஞ்சின் பழசா கைக்குக் கெடைக்க ஆரம்பிச்சுது. அந்த மேட்டடாரு இஞ்சின் யாரு போட்டதுன்னு நெனைக்கற? புனேயில பஜாஜ் டெம்போ கம்பெனி, ஜெர்மனிக்காரன் மெர்சிடிஸ் பென்ஸ்கிட்ட உரிமம் வாங்கி செஞ்ச 2.4 லிட்டரு. ஆக மேல டாட்ஜு, உள்ள பென்ஸு. அதுல முட்டு மேல முட்டு வச்சிகிட்டு கருவாட்டுக் கூடையோட குந்திப் போன கெழவிக்கு, தான் போறது பென்ஸுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. டிரைவருக்கும் தெரியாது. இன்னைக்கு நீ அதையே செஞ்சா போட்டோ புடிச்சிப் போடுவ.

அதோட வுட்டானுவளா? இல்ல. ஆறு பேருக்கு செஞ்ச வண்டியில ஆறு பேரு போனா டாக்சிக்காரன் பொண்டாட்டி புள்ள என்னா சாப்புடும்? வண்டிய நடுவுல அறுத்தானுவ. ரம்பம் போட்டு சேசிஸயே ரெண்டா பிரிச்சி, நடுவுல துண்டு வச்சி, பட்டை குடுத்து வெல்டிங் அடிச்சி, இன்னொரு வரிச சீட்டு, இன்னொரு ஜோடி கதவு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டு நீளம் பத்தாதுன்னு லேத்துல குடுத்து ஒட்டு போட்டானுவ. பாரம் தாங்கணும்னு பின்னால கமான் பட்டைய கூட்டுனானுவ. இஞ்சினும் கியர் பாக்சும் வேற வேற சாதி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதுன்னு நடுவுல ஒரு இரும்புத் தட்டக் கடைஞ்சி சம்பந்தம் பண்ணி வச்சானுவ. படம் போட்ட பொஸ்தகம் கெடையாது, கம்ப்யூட்டரு கெடையாது. சாக்குக் கட்டியால தரையில கோடு போட்டு அளவு எடுத்தவன் செஞ்ச வேல. அந்த நீட்டு டாக்சி தமிழ்நாட்டுல பல ஊர்ல சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஆளுங்கள ஏத்திகிட்டு வருசக்கணக்கா ஓடுச்சி.

மேல்மலையனூரு அமாவாசைக்கு அதுல நானும் போயிருக்கறன். முன் சீட்டுல நாலு பேரு, டிரைவரு அஞ்சாவது ஆளு, கதவுக்கு வெளிய பாதி ஒடம்பு. கியரு ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கும்ங்கறதால காலுக்கு நடுவுல கம்பி எதுவும் முட்டாது. அந்த நீட்டு சீட்டோட அருமை அதுல போனவனுக்குத்தான் தெரியும். நீ அதத்தான் மொதல்ல அறுக்கறன்னு நிக்கற.

இந்தப் பட்டறைக்காரனுவளுக்கு யாரும் மாலை போடல. அவனுவ அறுத்த வண்டிய இப்ப பழைய காரு சேத்து வைக்கற பெரிய மனுசங்க பாத்தா, "ஐயோ, கொன்னுட்டானுங்களே"ன்னு தலையில அடிச்சிக்கறாங்க. அதே பெரிய மனுசங்க அமெரிக்காவுல அரிசோனா ஸ்காட்ஸ்டேலுல ஜனவரி மாசம் நடக்கற பேரட் ஜாக்சன் ஏலத்துல, செவர்லே பெல் ஏர் வண்டிக்குள்ள புது வி8 இஞ்சின ஏத்தி வச்சிருக்கறத டிவியில பாத்துட்டு, "ஆஹா, என்னா கைவேல"ன்றாங்க. சோத்துக்காக செஞ்சா கொல, சோக்குக்காக செஞ்சா கல. எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல மாப்ள, சிரிப்புதான்.

சரி, நீ சோக்குக்குதான் செய்யற. செய்யி. ஆனா ஆர்டிஓ ஆபீசு பக்கம் ஒரு தடவ போயிட்டு வந்தியா? புரோக்கர் பாத்துக்குவான்னு சொல்லாத. கேளு. 2021 ஜூலையில மத்திய அரசு பழைய வண்டிக்குன்னு தனி விதி போட்டுது. 50 வருசத்துக்கு மேல ஆன வண்டி, பொறந்தப்ப இருந்தபடியே இருந்தா, அதாவது சேசிஸு, பாடி, இஞ்சின் இதையெல்லாம் பெருசா மாத்தாம இருந்தா, விண்டேஜுன்னு ஒத்துக்குவாங்க. புதுசா பதியறதுக்கு 20,000 ரூபா, 10 வருசத்துக்கு செல்லும், மறுபடியும் பதிய 5,000. நம்பருல விஏன்னு ரெண்டு எழுத்து போட்டுத் தருவாங்க. ஏற்கெனவே நம்பர் இருந்தா, அந்த எம்எஸ்சு எம்டி காலத்துப் பழைய நம்பரையே வச்சிக்கலாம். கேக்க நல்லா இருக்குது இல்ல? அடுத்த வரியக் கேளு. அந்த வண்டிய தெனைக்கும் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ரிப்பேரு, எண்ணெய் ஊத்தறது, இதுக்கு மட்டும் வெளிய எடுக்கலாம். வாடகைக்கு வுடவே கூடாது.

சரி, எனக்கு விண்டேஜ் பட்டம் வேணாம், நான் இஞ்சின் மாத்தி ஓட்டிக்கறன்னு சொல்லுவ. அங்க மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு நிக்குது. கம்பெனி செஞ்சதுக்கும் ஆர்சி புத்தகத்துல எழுதியிருக்கறதுக்கும் வித்தியாசம் வர மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சி. இஞ்சின் மாத்தணும்னா முறையா அனுமதி வாங்கி, ஆர்சியில ஏத்தணும். ஆக மாத்தாம வச்சிருந்தா பட்டம் உண்டு, ஓட்டம் இல்ல. மாத்தினா ஓட்டம் இருக்கலாம், பட்டம் போச்சி. இந்த ரெண்டுல எதுன்னு வெல்டிங் மெஷினுக்கு கரண்ட்டு குடுக்கறதுக்கு முன்னால முடிவு பண்ணு. அறுத்த பின்னால ஆர்டிஓகிட்ட போயி "சார், தெரியாம அறுத்துட்டேன்"னு நின்னா அவரு ஒனக்கு மாமன் இல்ல.

அந்த ஆர்சி எங்க இருக்குது, அத மொதல்ல சொல்லு. வித்தவன் குடுத்தானா, "அப்பா பீரோவுல இருக்கும், தேடித் தரேன்"னு சொன்னானா? விழுப்புரம் தனி மாவட்டமா ஆனது 1993ல. அதுக்கு முன்னால எல்லாத்துக்கும் கடலூருதான். பாண்டிச்சேரியில பதிஞ்ச வண்டியா இருந்தா அது வேற கவர்மெண்டு. இஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் புத்தகத்தோட ஒத்துப்போவுதான்னு டார்ச் அடிச்சிப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. ஹாரன் அடிக்குதான்னு பாத்திருப்ப.

இன்னொரு கூத்து கேளு. பழைய இஞ்சினையே வச்சி ஓட்டறன்னு மனசு மாறுனாலும் நம்ம கரும்பு ஒன்ன வுடாது. முண்டியம்பாக்கத்து ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புற ஊரு நம்மளது. கரும்புல இருந்து சக்கர, சக்கரக் கழிவுல இருந்து எத்தனால், அந்த எத்தனால் இப்ப பெட்ரோலுக்குள்ள. 100க்கு 20 பங்கு கலந்ததுதான் இன்னைக்கு பங்குல ஊத்தறாங்க. 1951ல பூட்டுன ரப்பர் டியூபு, பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற சவ்வு, கார்க்கு கேஸ்கெட்டு, எதுக்கும் இந்தச் சரக்கு பழக்கமில்ல. ஊறி உப்பி ஒழுக ஆரம்பிச்சிடும். தண்ணியையும் இழுத்து வச்சிக்கும். நிறுத்தி வச்ச வண்டியில டேங்கு துருப்புடிக்கும். நம்ம வெள்ளாமைக்கு வெல கெடைக்குதேன்னு நான் சந்தோசப்படறதா, ஒன் வண்டி ஒழுவுதேன்னு வருத்தப்படறதா? சந்தோசப்பட்டுக்கறன். நீ எத்தனால் தாங்கற ரப்பர் டியூபா பாத்து எல்லாத்தையும் மாத்திடு. அதுக்குப் பெருசா செலவு இல்ல. ஒழுகி, சூடான மேனிஃபோல்டுல சொட்டுனா செலவு பெருசு.

இப்ப ரோசன. நீ கேக்கல, ஆனா காப்பி வந்துடுச்சி, குடிக்கற வரைக்கும் சொல்லிடறன்.

மொதல்ல பிரேக்கு. கிரைஸ்லர்காரன் மத்தவன் பலபேருக்கு முன்னாலயே நாலு வீலுக்கும் எண்ணெய் பிரேக்கு குடுத்தவன்தான், அதுல கொற சொல்ல முடியாது. ஆனா மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணுதான், லைனும் ஒண்ணுதான். எங்கயாவது ஒரு எடத்துல ஒழுகுனா நாலு வீலுக்கும் சேத்து பிரேக்கு போயிடும். விக்கிரவாண்டி டோல்கேட்டுல பொங்கல் கூட்டத்துக்கு நடுவுல அந்தப் பெடல் தரையத் தொட்டுச்சின்னா, பாஸ்டேக்ல காசு இருந்தும் பிரயோசனம் இல்ல. ரெண்டு அறை இருக்கற மாஸ்டர் சிலிண்டர் பூட்டு. முன் வீலு ரெண்டுக்கு மட்டும் டிஸ்க் போதும். இத நீ யாருக்கும் காட்டிப் பெருமையடிக்க முடியாது, வீலுக்கு உள்ள மறைஞ்சி கெடக்கும். அதனாலதான் நீ கடைசியா செய்வன்னு தெரிஞ்சி மொதல்ல சொல்றன்.

அப்புறம் ஒயரிங். துணி சுத்துன பழைய ஒயரு முழுசா எலிக்குச் சொந்தமாயிருக்கும். மொத்தமா உருவிப் போட்டுட்டு 12 வோல்ட்டா மாத்து, டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் வையி. லைட்டு எரியும், செல்ஃபு ஒழுங்கா அடிக்கும், ஏசிக்கும் தாங்கும். சீட் பெல்ட்டு போடு. 1951ல அந்த நாட்டுலயே பெல்ட்டு அபூர்வம். நீ கெல்லர மதிக்கறன்னு இதுலயும் பழசா இருக்காத.

இஞ்சின மட்டும் எறக்காத. மேட்டடார் இஞ்சினுக்கு எண்ணெய் டியூபு ஒண்ணு, ஒயரு ஒண்ணு குடுத்தா ஓடிடும். ஒன் இன்னோவா இஞ்சின் அப்பிடி இல்ல. அதுக்கு மூளைப் பொட்டி ஒண்ணு வேணும், அந்தப் பொட்டிக்கு எல்லா சென்சாரும் வேணும், சாவியில இருக்கற சிப்பும் வேணும். ஒரு சென்சாரு கோவிச்சிகிட்டா ராத்திரி கூட்டேரிப்பட்டுல நிக்கும். அந்த நேரத்துல அங்க டீ கெடைக்கும், லேப்டாப் வச்சிப் பாக்கற மெக்கானிக்கு கெடைப்பானா? பழைய ஆறு சிலிண்டருக்கு பிளக்கு, பாயிண்டு, கண்டென்சரு, ஊதிப் பாக்க ஒரு வாயி. அவ்வளவுதான். சென்னையில புதுப்பேட்டைய ஒரு சுத்து சுத்தினா ஏதாவது சாமான் கைக்கு சிக்கும். சிக்காதது அமெரிக்காவுல இன்னமும் புதுசா விக்குது. சாமான் வெலையவிட தபால் கூலியும் சுங்க வரியும் கூட வரும், அத மட்டும் ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லாத.

டச் ஸ்கிரீன பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஒன் வூட்டுல மூணு பேரு, மூணு போனு, ரெண்டு டிவி, ஒரு கம்ப்யூட்டரு. ஒரு எடத்துலயாவது எதையும் பாக்காம மூஞ்சிக்கு மூஞ்சி பேசட்டும்னு நெனச்சி வேணாம்னு சொல்லலாம். ஆனா ஒன் மூஞ்சிய அவங்க எவ்வளவு நேரந்தான் பாப்பாங்கன்னு யோசிச்சி, வேணும்னும் சொல்லலாம்.

குடும்பக் காருன்னு நீ ஆரம்பிச்சியே, அந்தக் கணக்கையும் பாத்துடுவோம். வண்டி நீளம் 16 அடி, அகலம் 6 அடி. ஒன் தெருவு கல்யாணப் பந்தல் போட்டா சைக்கிள் போவாத தெருவு. முன்னால மூணு பேரு, பின்னால மூணு பேருன்னு ஆறு பேருக்கு அவன் செஞ்சான். நம்ம ஆளுவ அதுலயே அதுக்கு மேல ஒரு மடங்கு ஏத்துனானுவ. நீ பக்கெட் சீட்டு போட்டு ஒரு எடத்த கொறைக்கற, பின்னால கை வைக்க திண்டு போட்டு இன்னொரு எடத்த கொறைக்கற. ஆக நீ, ஒன் பொண்டாட்டி, ஒன் மவன், அப்புறம் ஒரே ஒரு ஆளுக்கு எடம். அந்த ஒரு எடம் ஒன் மாமியாளுக்கா ஒங்க அம்மாவுக்கான்னு பேச்சு வரும் பாரு, அன்னைக்கு அந்த நீட்டு சீட்டோட அருமை ஒனக்குத் தெரியும். குடும்பத்த ஒண்ணா வைக்கணும்னுதான் அவன் அத ஒரே பலகையா செஞ்சான்.

வண்டி மட்டும் ரெடியாவட்டும், விழுப்புரத்துல இருந்து மரக்காணம் வரைக்கும் ஒனக்கு சொந்தக்காரங்க மொளைப்பாங்க. பொண்ணழைப்புக்கு குடு, மாப்ள அழைப்புக்கு குடு, மஞ்சத்தண்ணிக்கு குடுன்னு வெத்தல பாக்கோட வருவாங்க. தேர்தல் வந்தா கட்சிக்காரன் வெத்தல பாக்கு இல்லாமயே வருவான். வாடகை வாங்குனா சட்டம் ஒத்துக்காது. சும்மா குடுத்தா கிளட்ச்சு ஒத்துக்காது. குடுக்கலன்னா ஊரு ஒத்துக்காது.

இம்மாம் பேசிட்டு, வண்டிய வித்துடுன்னு சொல்லப்போறன்னுதான நெனைக்கற? சொல்ல மாட்டன். எடைக்குப் போவ இருந்தத தூக்கியாந்து போட்ட, அது வரைக்கும் நல்ல காரியம். நம்ம பட்டறைக்காரனுவ செஞ்ச நீட்டு டாக்சியில ஒண்ணையாவது யாராவது இப்பிடித் தூக்கியாந்து வச்சிருந்தா எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும். கோயமுத்தூருல ஜிடி காரு மியூசியம் 2015ல தொறந்தாங்க, சென்னையில ஏவிஎம் மியூசியம் 2023ல தொறந்தாங்க. ரம்பத்தக் கையில எடுக்கறதுக்கு முன்னால ரெண்டு ஞாயித்துக்கெழம பொண்டாட்டி புள்ளையோட பஸ்சுல போயி ரெண்டையும் பாத்துட்டு வா. பொறந்த மேனிக்கு வச்சிருந்தா ஒரு வண்டி எப்பிடி நிக்கும்னு தெரியும்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போவணும். எங்க வூட்டுல நாலு பேரு, ஒங்க வூட்டுல மூணு பேரு, எடையில ஒங்க அத்தைக்கு ரெண்டு எடம். முன் சீட்ட அறுக்காம, பிரேக்க பாத்து வச்சிருந்தியானா சொல்லி அனுப்பு. இல்லன்னா பரவாயில்ல, திண்டிவனத்துல இருந்து மயிலத்துக்கு டவுன் பஸ்சு இருக்குது.